காளான் கொட்டிலில் சூடும் ஈரமும்: குறியைப் பார்த்துப் பிழை பிடித்தல்

காளான் வாடினாலும் தண்ணீர், அழுகினாலும் தண்ணீர். ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குள் போவதுதான் எங்கள் பக்கத்தில் பலருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம். முதல் இரண்டு வருடமும் நானும் அப்படித்தான் இருந்தேன். மட்டக்களப்பு ஆரையம்பதியில், வாவிப் பக்கமாக உள்ள வளவில் இரண்டு கொட்டில் வைத்திருக்கிறேன். ஒன்று கிடுகு வேய்ந்தது, மற்றது பழைய தகரக்கூரை அறை. இரண்டிலும் ஒரே வித்து (காளான் இழை ஓடிய தானியம்), பைகளில் அடைக்க ஒரே மரத்தூள், தண்ணீர் விசிறுவதும் ஒரே கை. ஆனாலும் கிடுகுக் கொட்டிலுக்கு வருகிற வருத்தம் தகர அறைக்கு வருவதில்லை, தகர அறையின் வருத்தம் கிடுகுக்கு வருவதில்லை. அதைக் கண்ட பிறகுதான் பையைப் பார்த்து வைத்தியம் பார்க்கப் பழகினேன்.

கீழே சொல்வது நாம் அமெரிக்கன் ஒயிஸ்டர் என்று வாங்கும் வெள்ளைச் சிப்பிக் காளானுக்கும், பெரும்பாலும் அபலோன் என்கிற மற்றொரு சிப்பிக் காளானுக்கும் பொருந்தும். பால் காளானும் வைக்கோல் காளானும் 30 பாகைக்கு மேலேதான் சந்தோசமாக வளரும். அவற்றின் கணக்கு வேறு.

எங்கே போகவேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வித்துப் போட்டு வெள்ளை, அதாவது காளான் இழை, பரவும் காலத்தில் அறை 25 முதல் 28 பாகை செல்சியஸ் இருந்தால் நல்லது. வாய் பஞ்சால் அடைபட்டிருக்கிற அந்தப் பைக்கு வெளி ஈரம் தேவையே இல்லை. மொட்டு வரும் காலத்தில் வெப்பம் 30க்குக் கீழே, ஈரப்பதன் 80 முதல் 90 வரை, அதோடு நல்ல காற்றோட்டம், பத்திரிகை வாசிக்கக்கூடிய அளவு வெளிச்சம்.

சொல்ல லேசு. வெப்பத்தையும் ஈரத்தையும் தனித்தனியாகப் பிடித்து வைக்க முடியாது என்பதுதான் சிக்கல். காலை 6 மணிக்கு 25 பாகையில், 90 சதவீத ஈரப்பதனோடு இருக்கிற காற்றை அப்படியே 35 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீராவியும் வெளியே போகாமலே ஈரப்பதன் கிட்டத்தட்ட 51க்கு இறங்கிவிடும். காற்று சூடாகச் சூடாக அதன் வயிறு பெருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சாரீரப்பதன் என்று படித்தது அந்த வயிறு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்குத்தான். ஆகவே கூரையைக் குளிர வைப்பதும் ஈரம் கொடுக்கிற வேலைதான், பல நாட்களில் ஸ்பிரேயரை விடப் பெரிய வேலை.

அப்புறம் நம்முடைய கிழக்குக் கரையின் காலநிலை. வைகாசியில் இருந்து புரட்டாதி வரை கச்சான். மழையை மேற்கே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கி வரும்போது காய்ந்து சூடேறி வருகிற காற்று. கார்த்திகை, மார்கழி, தையில் வாடையும் மாரியும். காளானுக்கு இந்த இரண்டும் இரண்டு வேறு ஊர்கள் மாதிரி. ஆவணியில் பலித்த வைத்தியத்தை மார்கழியில் செய்தால் பை அழுகும். எந்தக் குறியைப் பார்த்தாலும் முதலில் எந்தக் காற்று வீசுகிறது என்று கேளுங்கள்.

மொட்டு வருகிறது, வந்த இடத்திலேயே காய்ந்து பழுப்பாகிறது

கச்சான் காலத்தில் என்னிடம் வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு மாமி போன் எடுத்தார். “தம்பி, மீற்றர்ல எண்பத்தஞ்சு காட்டுது, மொட்டெல்லாம் கருகிப் போகுது. மறுகா ஒருக்கா தண்ணி அடிக்கவா?” என்றார். மீற்றரை எங்கே தொங்கவிட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். “கதவடியில தண்ணிப் பானைக்கு மேல.”

மீற்றர் பானையின் ஈரத்தைச் சொல்கிறது. மேல் தட்டில் கூரைக்குக் கிட்ட உள்ள பைகள் பாலைவனத்தில் நிற்கின்றன. ஈரமானியை மொட்டு இருக்கும் உயரத்தில், நடுத் தட்டில், சுவரில் படாமல் கட்டுங்கள். முடிந்தால் இரண்டு வாங்கி ஒன்றை மேல் தட்டில் வையுங்கள்.

மலிவான டிஜிட்டல் ஈரமானிகள் 5, 10 சதவீதம் பிசகுவது சாதாரணம். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. சோடாப் போத்தல் மூடியில் தூள் உப்பை நிரப்பி, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சில துளி தண்ணீர் விடுங்கள். உப்புக் கரைந்து ஓடக்கூடாது. மூடியையும் ஈரமானியையும் காற்றுப் புகாத போத்தலுக்குள் வைத்து, நிழலில் எட்டு மணி நேரம் விடுங்கள். உள்ளே 75 காட்டவேண்டும். 83 காட்டினால் அந்த மீற்றர் எப்போதும் 8 கூட்டிச் சொல்கிறது என்று அதன் முதுகில் எழுதி ஒட்டிவிடுங்கள். கல்லுப்பு வேண்டாம், அதில் கலந்திருக்கும் வேறு உப்புகள் கணக்கைக் குழப்பும்.

இன்னும் நம்பிக்கையான முறை பழைய ஈர உலர் குமிழ் முறை. ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானி, ஒன்றின் குமிழில் தண்ணீரில் தோய்ந்த பஞ்சுத் திரி. விசிறியால் இரண்டுக்கும் கொஞ்சம் காற்றடித்துவிட்டு வாசியுங்கள். உலர்ந்தது 30 காட்டும்போது ஈரமானது 2 பாகை குறைவாக இருந்தால் ஈரப்பதன் கிட்டத்தட்ட 86. மூன்று குறைந்தால் 79. ஐந்து குறைந்தால் 67, மொட்டு காய்வதற்கு அது போதும்.

சரி, உண்மையிலேயே ஈரம் குறைவு என்று தெரிந்துவிட்டது. இப்போதும் பையில் தண்ணீரை ஊற்ற வேண்டாம். கச்சானுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது காய்ந்த காற்று, அதனால் ஈரச் சாக்கை ஊடுருவி வரும்போது நன்றாகக் குளிரும். வெளியே 35 பாகை, ஈரப்பதன் 50 என்றால், தண்ணீர் ஆவியாகிக் குளிரக்கூடிய எல்லை 26 பாகை வரை இருக்கிறது. முழுவதும் கிடைக்காது, பாதிதான் கிடைக்கும் என்று வைத்தாலும் 30, 31க்கு வந்துவிடலாம். காற்று மேற்கில் இருந்து வருவதால் சாக்கு மேற்குச் சுவரில்தான் தொங்கவேண்டும். நான் பார்த்த கொட்டில்களில் பாதிப்பேர் நாலு பக்கமும் சாக்கைக் கட்டி, காற்று வெளியேற வழியில்லாமல் அடைத்துவிடுகிறார்கள். மேற்கே சாக்கு, கிழக்கே மேல் பக்கம் திறந்த இடைவெளி. காற்று சாக்கு வழியாக உள்ளே வந்து மேலால் போகட்டும். சணல் சாக்கு வேண்டும், உரப்பை தண்ணீரைப் பிடிக்காது. மேலே துளையிட்ட குழாயை ஓடவிட்டு மெல்லச் சொட்டவிட்டால் நாளுக்குப் பத்துத் தடவை ஓடித் திரிய வேண்டியதில்லை.

நிலத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் ஆற்று மணல் பரப்பி, அதை நனையுங்கள். காலை 9, 10 மணிக்குள், சூடு ஏறுவதற்கு முன்பே நனைக்கவேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு, மொட்டு காய்ந்த பிறகு ஊற்றினால் பிந்திப் போச்சு.

இரண்டு சின்ன விசயம், பெரிய நட்டம். வெயிலில் கிடந்த கறுப்புக் குழாய்க்குள் நிற்கிற தண்ணீர் கையைச் சுடும். அதை அப்படியே விசிறினால் மொட்டு வெந்துபோகும். முதல் வாளியை நிலத்தில் ஊற்றிவிட்டு, குளிர்ந்த பிறகு விசிறுங்கள். மற்றது கிணறு. வாவிக்குக் கிட்ட உள்ள கிணறுகள் கோடையில் உவராகிவிடும். வாயில் வைத்துப் பாருங்கள், கரித்தால் அது சாக்குக்கும் நிலத்துக்கும் மட்டும்.

கொட்டிலில் ஒரு பக்கத்து மொட்டு மட்டும் காய்ந்தால் ஈரப்பதனைக் குறை சொல்லாதீர்கள். அந்தப் பக்கத்தில் ஓட்டை ஒன்று இருக்கும், காற்று நேரே அடிக்கும். நுளம்பு வலையை இரண்டு மடிப்பாகக் கட்டினால் போதும்.

காம்பு நீளம், குடை சின்னது

பயறு முளைத்தது போலக் கொத்துக் கொத்தாக நீண்ட காம்பு, நுனியில் சட்டைப் பொத்தான் அளவுக் குடை. இது என் சொந்தப் பிழை. முதல் கச்சானில் ஈரம் போகிறதே என்ற பயத்தில் கிடுகுக் கொட்டிலை உள்ளே சுற்றிவரப் பொலித்தீனால் மூடினேன். ஈரமானி 92 காட்டியது, எனக்குப் பெருமை. ஐந்தாம் நாள் கொட்டில் முழுக்கக் காம்பு. சந்தையில் ஒருவர் “இது புது இனமா?” என்று கேட்டார். ஆம் என்று சொல்லி விற்றுவிடலாமா என்றும் ஒரு கணம் யோசித்தேன்.

காளான் நம்மைப் போல மூச்சுவிடுகிறது. வெளிக்காற்றில் பத்து இலட்சம் பங்குக்கு 420 பங்கு அளவில் காபனீரொட்சைட்டு இருக்கிறது. அடைத்த கொட்டிலில் அது 1000ஐத் தாண்டும்போது குடை விரிவது குறையத் தொடங்கும், காம்பு காற்றைத் தேடி நீளும். கூடவே காம்பின் அடியில் வெள்ளைப் பஞ்சு போல மயிர் படர்ந்தால் சந்தேகமே வேண்டாம், மூச்சு முட்டல்தான்.

மருந்து, கதவைத் திறப்பது. ஆனால் எப்போது திறப்பது என்பதில்தான் கெட்டித்தனம். கச்சான் காலத்தில் பகலில் திறந்தால் ஈரம் பறக்கும். இரவில் காற்று அடங்கி, வெப்பம் இறங்கி, ஈரப்பதன் தானாக ஏறும். மாலை 7 மணியில் இருந்து காலை 7 வரை அகலத் திறந்து வையுங்கள், பகலில் சாக்கு வழி மட்டும். மாரியில் பகலிரவு இரண்டும் திறக்கலாம், மழைச் சாரல் படாமல் பார்த்தால் போதும். கீழே முழங்கால் உயரத்தில் ஒரு வரிசைத் துளை, முகட்டுக்கு அடியில் ஒரு வரிசைத் துளை, எல்லாவற்றுக்கும் நுளம்பு வலை. சூடான காற்று மேலால் ஏறிப் போகப் புதுக்காற்று கீழால் வரும். மின்வெட்டு வந்தாலும் இந்த விசிறி நிற்காது.

ஏற்கெனவே நீண்ட காம்பு சுருங்காது. அறுத்துக் குழம்புக்கு வையுங்கள், ருசியில் குறை ஒன்றும் இல்லை. அடுத்து வரும் மொட்டைப் பாருங்கள். காற்று விட்டும் காம்பு நீண்டு, குடையும் வெளிறிப் போயிருந்தால் இருட்டுத்தான் காரணம். கூரையில் ஒரு கண்ணாடித் தகடு போடுங்கள், வெயில் நேரே பையில் படாத மாதிரி.

குடையில் மஞ்சள் திட்டு, தொட்டால் வழுவழுப்பு

மாரியின் குறி. முதலில் வெளிறிய மஞ்சள் புள்ளி, பிறகு பழுப்பு, பிறகு வழுக்கல், மீன் வாடை மாதிரி ஒரு நாற்றம். சூடோமோனாஸ் வகைப் பக்றீரியா குடையில் நிற்கிற தண்ணீரில் பெருகுவதால் வருவது. காற்றில் ஈரம் இருப்பது வேறு, குடையில் தண்ணீர் நிற்பது வேறு. முதலாவது காளானுக்குத் தேவை, இரண்டாவது அதைக் கொல்லும். விசிறிய தண்ணீர் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் குடையில் இருந்து காய்ந்துவிடவேண்டும் என்பதுதான் நான் வைத்திருக்கும் அளவுகோல். காயவில்லை என்றால் அடுத்த தடவை விசிறாதீர்கள், மீற்றர் என்ன காட்டினாலும் சரி.

மார்கழியில் வெளியே 27 பாகை, ஈரப்பதன் 92 என்றால், ஆவியாக்கிக் குளிர வைக்க ஒரு பாகைக்குச் சற்று மேல்தான் இடமிருக்கிறது. ஈரச் சாக்கால் ஒரு பயனும் இல்லை. கழற்றிக் காயப்போடுங்கள், இல்லாவிட்டால் அதுவே பூஞ்சணக் கூடாகும். நிலத்து மணலையும் காயவிடுங்கள். சில கிழமைகள் ஸ்பிரேயரைத் தொடாமலே இருந்திருக்கிறேன், காளான் குறையவில்லை.

தண்ணீரே விசிறவில்லை, ஆனாலும் திட்டு வருகிறது என்றால் விடிய 5 மணிக்குக் கொட்டிலுக்குள் போய் மேலே பாருங்கள். என் தகர அறையின் வருத்தம் இதுதான். தை, மாசியில் மழை விட்டு வானம் வெளித்த இரவுகளில் தகரம் சுற்றுக் காற்றை விடக் குளிர்ந்து, அடியில் வியர்த்து, பைகளின் மேல் சொட்டும். மழை பெய்யாத கொட்டிலுக்குள் மழை. தகரத்துக்கு அடியில் ஒரு சாண் விட்டுக் கிடுகு கட்டினேன், பாதி நின்றது. கிடுகுக்கு மேலே பொலித்தீனைச் சரிவாக இழுத்து, வழிகிற தண்ணீர் சுவரோரம் போய் விழும்படி செய்த பிறகு முழுவதும் நின்றது. அதே கிடுகு சித்திரை வெயிலிலும் உதவியது, எனக்கு எதிர்பாராத இலாபம்.

புகை மாதிரித் தண்ணீர் கக்குகிற மின் கருவிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்தப் புகை ஈரப்பதன் ஆகவேண்டுமென்றால் முதலில் ஆவியாகவேண்டும். மாரியில் அது ஆவியாகாமல் குடையில் போய் உட்காரும். சவர் தண்ணீர் ஊற்றினால் வெள்ளைத் தூளும் படியும். இருநூறு பை வைத்திருப்பவருக்கு இது தேவையில்லாத செலவு என்பது என் எண்ணம்.

திட்டு விழுந்த குடைகளைக் கொத்தோடு அகற்றுங்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த பையைத் தொடுங்கள். நிலத்தையும் தட்டுகளையும் வெளிற்றும் தூள் கரைத்த தண்ணீரால் கழுவலாம், பை மேல் அதைத் தெளிக்கவேண்டாம்.

வெள்ளை பாதியில் நின்றுவிட்டது

வித்துப் போட்டு இரண்டு கிழமையில் பையில் பாதிக்கு வெள்ளை வரவேண்டும், 25 முதல் 30 நாளில் முழுவதும். நடுவில் நின்றால் வித்து சரியில்லை என்று வித்துக் கொடுத்தவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நான் போனேன், பிறகு வெட்கப்பட்டேன்.

நடந்தது இதுதான். ஏப்ரல் முதற்பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்த வருடம் 180 பைகளைத் தகர அறையில் மூன்று அடுக்காக நெருக்கி அடுக்கிவிட்டு, புத்தாண்டுக்கு நாலு நாள் கதவைப் பூட்டினேன். திரும்பி வந்தபோது கீழ் அடுக்கு நன்றாக ஓடியிருந்தது, நடு அடுக்கு மெதுவாக, மேல் அடுக்கு அப்படியே நின்றது. ஒரே போத்தல் வித்து மூன்று அடுக்கிலும் இருந்தது. அப்படியானால் வித்தைக் குறை சொல்ல ஏலாது.

வெள்ளை பரவும்போது பை தானும் சூட்டை வெளிவிடும். அறை 31 என்றால் நெருக்கி அடுக்கிய பையின் நடு அதற்கு மேல் சில பாகை கூடவே இருக்கும். 35ஐத் தாண்டினால் வெள்ளை நகராது. 40ஐத் தொட்டால் சாகத் தொடங்கும், பிறகு குளிர வைத்தாலும் எழும்பாது. சுவரில் தொங்கும் வெப்பமானி இதைச் சொல்லாது. இரண்டு பை ஒன்றோடொன்று முட்டும் இடத்தில் வெப்பமானியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து வாசியுங்கள், மத்தியானம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில்.

வழி: பைக்கும் பைக்கும் இடையே ஒரு கை முட்டி இடைவெளி, மேல் தட்டைக் கூரையில் இருந்து குறைந்தது நாலு அடி கீழே வைப்பது, கூரைக்கு மேல் கிடுகோ தென்னோலையோ போடுவது. வெள்ளை பரவும் அறைக்கு ஈரச் சாக்கு கட்டாதீர்கள், பஞ்சு நனைந்தால் அடுத்த தலைப்பில் சொல்லும் வருத்தம் வரும். வசதி இருந்தால் சித்திரையில் புதுப் பை போடாமல் விடுவதே நல்லது. நான் இப்போது பங்குனி நடுவில் நிறுத்தி, வெயில் கொஞ்சம் தணிந்த பிறகுதான் மறுபடி தொடங்குகிறேன்.

வெள்ளை நின்ற எல்லையில் தண்ணீர் தேங்கி, பையைத் திறந்தால் புளித்த வாடை வந்தால் காரணம் சூடு இல்லை. கலவையில் தண்ணீர் கூடிப்போயிற்று. மரத்தூளும் தவிடும் கலந்த கலவையைக் கையில் இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி எட்டிப்பார்க்கவேண்டும், ஒழுகக்கூடாது. மாரியில் மரக்காலையில் இருந்து வரும் தூள் முன்பே நனைந்திருக்கும். கோடை அளவில் தண்ணீர் ஊற்றினால் இப்படித்தான் முடியும்.

பஞ்சில் செம்மஞ்சள் தூள்

இது ஒன்றைக் கண்டால் மட்டும் அவசரப்படுங்கள், ஆனால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். நியூரோஸ்போரா என்ற பூஞ்சணம். சூட்டையும் ஈரப் பஞ்சையும் தேடி வரும், ஓரிரு நாளில் பையின் வாயை நிரப்பிவிடும். லேசாக ஆட்டினாலே தூள் காற்றில் ஏறி அறை முழுக்கப் பரவும். விசிறியை நிறுத்துங்கள். நனைந்த துணியால் பையின் வாயை மூடி, இன்னொரு பொலித்தீன் பைக்குள் இறக்கிக் கட்டி, வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள். கச்சான் காலத்தில் கொட்டிலுக்கு மேற்கே புதைக்கவோ எறியவோ வேண்டாம், காற்று திரும்பக் கொண்டுவந்து தரும்.

காரணம் பெரும்பாலும் வித்துப் போடுவதற்கு முன் பைகளைப் பீப்பாயில் நீராவியில் அவிக்கும்போது பஞ்சு நனைந்திருக்கும். பஞ்சின் மேல் கடதாசி வைத்து றப்பர் நாடா போட்டு அவியுங்கள், பீப்பாய் மூடியில் வடியும் தண்ணீர் நேரே சொட்டாதபடி மேலே ஒரு சாக்கு விரியுங்கள்.

பச்சைத் திட்டு

எப்போது வந்தது என்பதை வைத்துப் பிரியுங்கள். வித்துப் போட்ட முதல் இரண்டு கிழமைக்குள் பச்சை என்றால் அவித்தது போதவில்லை, அல்லது வித்திடும்போது கை சுத்தமில்லை. நீராவி நன்றாக வரத் தொடங்கிய பிறகுதான் மணிக்கூட்டைப் பார்க்கவேண்டும், அதில் இருந்து 3 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. ஈரத்தைக் கூட்டிக் குறைத்து இதைச் சரி செய்ய முடியாது, பையை அகற்றுங்கள்.

இரண்டாம் மூன்றாம் அறுவடைக்குப் பிறகு, வெட்டிய வாயில் பச்சை என்றால் அங்கே காம்பின் அடி மிஞ்சி அழுகியிருக்கும். கத்தியால் வெட்டாமல் கொத்தைத் திருகிப் பிடுங்குங்கள். மிச்சத்தைக் கரண்டியால் சுரண்டிவிட்டு, அந்த வாயில் இரண்டு நாள் தண்ணீர் படாமல் விடுங்கள்.

அபலோன் பையில் கறுப்புத் தலை

வெள்ளைத் தண்டு, நுனியில் மை போலக் கறுப்புத் துளி. பார்த்தவுடன் பயந்து பையை வெளியே எறிந்தவர்கள் உண்டு. எறியவேண்டாம். அபலோன் இயல்பாகவே இப்படி வித்தி (காளானின் நுண்ணிய விதைத் தூள்) உண்டாக்கும், அது நோய் இல்லை. பையில் மறுபடி தண்ணீர் படாமல் மட்டும் பாருங்கள், அந்தக் கறுப்பு மை ஒழுகி மற்றப் பைகளை அழுக்காக்கும்.

முழுவதும் வெள்ளை, மொட்டைக் காணோம்

பொறுமை இல்லாததுதான் பாதிக் காரணம். வெள்ளை முழுவதும் ஓடிய பிறகும் ஒரு கிழமை போல விட்டுத்தான் வாயைத் திறக்கவேண்டும், அபலோனுக்கு அதை விடக் கூட. திறந்து பத்து நாளாகியும் வராவிட்டால் பையின் மேல்தோலைத் தொட்டுப் பாருங்கள். தோல் போலத் தடித்துக் காய்ந்திருந்தால் மெல்லச் சுரண்டி, ஈரக் கடதாசியால் ஒரு நாள் மூடுங்கள்.

தோல் நன்றாக இருந்தால் இரவும் பகலும் ஒரே சூடு என்பதுதான் தடை. இரவில் கதவைத் திறந்து நாலைந்து பாகை இறங்க விடுங்கள், வெளிச்சத்தையும் கூட்டுங்கள். கச்சான் நாட்களில் ஒரு இரவு இடிமழை பெய்தால் மூன்றாம் நாள் கொட்டில் முழுக்க மொட்டு விழும். அதைப் பார்த்த பிறகு நான் மாலை வேளையில் கூரைக்குத் தண்ணீர் அடித்து அந்த மழையைப் பொய்யாக வரவழைக்கிறேன். பல தடவை ஏமாந்து மொட்டு வந்திருக்கிறது.

சின்ன இலையான்கள், குடையில் வெள்ளைத் தூள்

இலையான் மாரியில்தான் கூட. அழுகின பை எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம், அதைத் தேடி எடுங்கள். நுளம்பு வலையை விடச் சின்னக் கண் உள்ள வலை இருந்தால் நல்லது. மஞ்சள் கடதாசியில் பசை தடவித் தொங்கவிட்டால் கொஞ்சம் அகப்படும். காளான் கொட்டிலுக்குள் பூச்சி மருந்து அடிக்கவே வேண்டாம், அது நேரே கறிச்சட்டிக்குப் போகிற சாமான்.

வெள்ளைத் தூள் நோய் இல்லை. குடை முற்றி வித்தி உதிர்க்கிறது, அறுவடை பிந்திவிட்டது. விளிம்பு இன்னும் கீழ்நோக்கி வளைந்திருக்கும்போதே பிடுங்குங்கள். சூட்டு நாட்களில் காலையில் சின்னதாக இருப்பது மாலைக்குள் முற்றிவிடும், ஆகவே இரண்டு நேரமும் பார்க்கவேண்டும். அந்தத் தூளைத் தினமும் சுவாசித்தால் இருமலும் நெஞ்சிறுக்கமும் வரும். உள்ளே போகும்போது முகக்கவசம் போடுங்கள்.

பிடுங்கி அடைத்த பக்கெற் உள்ளே வியர்க்கிறது

கொட்டிலில் எல்லாம் சரி, கல்முனைச் சந்தைக்குப் போய்ச் சேரும்போது பக்கெற்றுக்குள் தண்ணீர், மறுநாள் மஞ்சள். பிடுங்குவதற்கு ஏழெட்டு மணி நேரம் முன்பே விசிறலை நிறுத்துங்கள். விடியற்காலையில் பிடுங்குங்கள், ஏனென்றால் அப்போதுதான் காளான் தானும் குளிர்ந்திருக்கும். நிழலில் சுளகில் பரப்பி அரை மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு அடையுங்கள். 200 கிராம் பக்கெற்றுக்கு ஊசியால் ஆறேழு துளை. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைக்கும்போது பெட்டி மூடியின் மேல் ஒரு நனைந்த துணி. பெட்டிக்குள் இல்லை, மேலே. முதல் தடவை சொன்னபோது மாமி உள்ளே போட்டு அனுப்பிவிட்டார்.